பன்னிரண்டாவது அழைப்பு மணி

வியன்னாவில் எங்கள் குடியிருப்பின் வாசலில், அழைப்பு மணிகளின் அருகே இருந்த பெயர்களைக் கழற்றிவிட்டார்கள். ஐரோப்பாவின் புதிய தகவல் பாதுகாப்புச் சட்டப்படி பெயர்கள் வெளியே தெரியக் கூடாதாம். வெறும் வீட்டு எண்களை ஒட்டினார்கள். வீடுகள் பதினொன்றுதான், மணிகள் பன்னிரண்டு இருந்தன.

நிர்வாக அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "பன்னிரண்டுல யாரு இருக்காங்க?"

"அது தனிப்பட்ட விவரம் மேடம். சொல்லக் கூடாது," என்றாள் அங்கிருந்த பெண்.

பக்கத்து வீட்டு நோவோட்னியிடம் சொன்னேன். மனைவி இறந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "அமுக்கிப் பாத்தா தெரிஞ்சிடப் போகுது," என்று வாசலுக்கு வந்து பன்னிரண்டை அழுத்தினார்.

"மேல வா ஓட்டோ, சூப் ஆறுது," என்றது இன்டர்காமில் ஒரு குரல். அது அவர் மனைவி லீஸ்லின் குரல். அவளைப் புதைத்தபோது நானும் மண் போட்டிருக்கிறேன்.

கதவு திறந்துகொண்டது. நோவோட்னி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி உள்ளே போனார். மாடி மாடியாகத் தேடியும் அவரைக் காணவில்லை.

மாலையில் நானே பன்னிரண்டை அழுத்தினேன்.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம், மிஸஸ் லெய்ட்னர்," என்றார் நோவோட்னி. "உங்க வீட்டுக்காரரும் இப்பதான் வந்து உக்காந்தாரு."

காலையில் வேலைக்குப் போன என் கணவர் இன்னும் வீடு திரும்பவில்லை.