ரத்தான ஆர்டர்

வேலையில் சேர நான்கே நாள் இருக்கும்போது மலருக்கு அந்த மெயில் வந்தது.

'நிர்வாகக் காரணங்களால் தங்கள் பணி நியமனம் ரத்து செய்யப்படுகிறது.'

அவ்வளவுதான். கீழே ஒரு பெயர்கூட இல்லை. மனிதவளத் துறை என்று மட்டும் போட்டிருந்தது.

மலர் எர்ணாவூர் கடலோரக் குப்பத்துப் பெண். அப்பா படகில் போகிறவர். அம்மா பச்சையம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவள். எம்.கே.பி. நகரில் ஒரு செல்போன் கடையில் பில் போட்டுக்கொண்டே தொழிற்சாலைப் பாதுகாப்பில் டிப்ளமோ முடித்தாள் மலர். குப்பத்துக்குப் பக்கத்திலேயே, எண்ணூரில் ரசாயன டாங்குகள் வைத்திருக்கும் ஒரு கம்பெனியில் சேஃப்டி சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. ஆர்டர் வாங்கி, சம்மதம் எழுதிக் கொடுத்து, மெடிக்கலும் முடிந்துவிட்டது. செல்போன் கடையில் அவள் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள். பச்சையம்மா குப்பம் முழுக்கக் கேசரி கொடுத்து முடித்திருந்தாள்.

"தப்பா வந்துருக்கும். நேர்ல போய்க் கேளு," என்றாள் பச்சையம்மா.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே மலர் கம்பெனி கேட்டில் போய் நின்றாள். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. பதினோரு மணிக்கு ஜானட் மேடம் வெளியே நடந்து வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், ராயபுரத்துக்காரர். மலரை இன்டர்வியூ செய்து ஆர்டர் கொடுத்த எச்.ஆர். மேனேஜர் அவர்தான்.

மலர் போய் வழியை மறித்தாள்.

"மேடம், ஆர்டர்ல கையெழுத்து போட்டது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"இப்ப இல்லன்னா இன்னா அர்த்தம்? இருந்த வேலையும் வுட்டுட்டு நிக்கிறேன். நான் இன்னா தப்பு பண்ணேன், அத்தயாவது சொல்லுங்க."

"நீ எந்தத் தப்பும் பண்ணலம்மா."

அதைக் கேட்டதும் மலருக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு ஏழைகளின் வாழ்க்கையோடு விளையாடுவதாகச் சொன்னாள். நீங்களும் ஒரு பொம்பளைதானா என்று கேட்டாள். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். வரிசையில் நின்ற லாரி டிரைவர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். செக்யூரிட்டி அவளைத் தள்ள வந்தான். ஜானட் கையை நீட்டி அவனைத் தடுத்துவிட்டார். கடைசி வார்த்தை வரைக்கும் நின்று கேட்டார்.

"மன்னிச்சுக்கோம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, வெயிலில் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் மலர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. வேலையில் எப்போது சேருகிறாய் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். பச்சையம்மாதான் பிடித்து உட்கார வைத்து, மறுபடி எல்லா இடத்துக்கும் எழுதிப் போட வைத்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து, திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள்.

போனால், அங்கே ஜானட் மேடம்.

இவரா இங்கேயும் கேள்வி கேட்கப் போகிறார் என்று மலர் வாசலிலேயே நின்றுவிட்டாள். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். அப்போது ஆபீஸ் பெண் எட்டிப் பார்த்து, பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டர் எங்கே என்று ஜானட்டிடம் கேட்டாள். அவர்கள் தரவில்லை என்றார் ஜானட்.

அவரும் வேலை கேட்டுத்தான் வந்திருக்கிறார்.

நல்லா வேணும் என்றுதான் மலருக்கு முதலில் தோன்றியது.

ஜானட் அவளைப் பார்த்துச் சிரித்தார். நன்றாகப் பதில் சொல்லும்படி சொல்லிவிட்டு உள்ளே போனார். பத்தே நிமிடத்தில் வெளியே வந்து படியிறங்கிப் போய்விட்டார்.

அடுத்தது மலர். யார்டு மேனேஜர் எழிலன் கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னாள். இடையில் ஒன்றரை மாதம் ஏன் சும்மா இருந்தாய் என்று அவர் கேட்டபோது, ஆர்டர் ரத்தானதை மறைக்காமல் சொன்னாள். கம்பெனி பெயரையும் சொன்னாள்.

எழிலன் பேனாவைக் கீழே வைத்தார்.

"இப்ப வந்துட்டுப் போனாங்களே, அவங்களும் அங்கதான். பத்தொன்பது வருஷம் சர்வீஸ். ஏன் வெளிய வந்தீங்கன்னு கேட்டேன். ஒரு பொண்ணுக்கு நான் குடுத்த ஆர்டரை ரத்து பண்ணிக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க, மாட்டேன்னுட்டேன், மறுநாளே பதினோரு மணிக்கு வெளிய அனுப்பிட்டாங்கன்னாங்க. பொண்ணு பேரு கேட்டேன், சொல்லல. நீங்கதானா அது?"

"நான்தான் சார்," என்றாள் மலர். பதினோரு மணி. கேட்டில் தான் வழிமறித்த அதே நேரம்.

திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்ளும்படி எழிலன் சொன்னார். ஜானட்டுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். வயதைப் பார்த்து முதலாளி யோசிக்கிறார் என்றார்.

மலர் ஓடினாள். ஜானட் பஸ் ஸ்டாப்பில்தான் நின்றிருந்தார். மலர் அவர் எதிரே போனாள். தனக்காக ஒருத்தர் இவ்வளவு இழந்துவிட்டு, தன்னிடமே அவ்வளவு திட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். இப்படியும் ஒரு மனுஷி இருப்பாரா என்று அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கிடைச்சிடுச்சா?" என்றார் ஜானட்.

மலர் தலையாட்டினாள். ஜானட்டின் முகம் மலர்ந்துவிட்டது.

"அன்னிக்கு அவ்ளோ பேசுனேனே மேடம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

ஜானட் கொஞ்சம் தயங்கினார்.

"சொன்னா, உன்ன ஏன் வேணாம்னாங்கன்னும் கேப்ப. குப்பத்துப் பொண்ணு, டாங்குல ஏதாச்சும் கசிஞ்சா முதல்ல ஊருக்குத்தான் போய்ச் சொல்லும்னாங்க. அதை உன் காதுல போடுறதைவிட, நீ என்னைத் திட்டிட்டுப் போறதே மேல்னு நின்னேன்மா."