கட்டம் கட்டமாய் வந்த புகார்கள்

"வாங்க மேடம், வாங்க! சாரல்ல நனைஞ்சுட்டீங்களே. ஏலே இசக்கி, மேடத்துக்கு ஃபேனைப் போடு!"

குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சி அலுவலகம். தோளில் லேப்டாப் பையோடு வாசலில் நின்ற மிஸ்ரியாவை, செயல் அலுவலர் சங்கரபாண்டி எழுந்து வந்தே வரவேற்றார்.

"சார், நான் வந்தது..."

"தெரியும் மேடம், நீங்க சொல்லவே வேண்டாம். மத்தியானம் கலெக்டர் வருதாரு. நம்ம புகார் ஆப்பைத்தான் பாக்கப் போறாரு. இங்கன பாருங்க, என் மானமே போகப் போவுது."

திரையை அவள் பக்கம் திருப்பினார். வரிசை வரிசையாகப் புகார்கள். ஒன்றிலும் ஓர் எழுத்துகூட இல்லை. எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள்.

மிஸ்ரியா குனிந்து பார்த்தாள். "எப்ப இருந்து சார் இப்படி?"

"பழைய கம்ப்யூட்டர்ல தமிழ் நல்லாத்தான் தெரிஞ்சுது. பொங்கலுக்கு இந்தப் புதுசு வந்துச்சு. அதுல இருந்து கட்டந்தான்."

"இது லினக்ஸ் சார். பழசு விண்டோஸா இருந்திருக்கும். அதுல இருந்த தமிழ் ஃபாண்ட் இதுல கிடையாது. ஆப் செஞ்சவங்க ஃபாண்டையும் கூடவே சேத்துக் குடுத்திருக்கணும். அப்பத்தான் எந்தக் கம்ப்யூட்டர்ல தொறந்தாலும் ஒண்ணு போலத் தெரியும்."

"அப்படிச் சொல்லுங்க!"

அவள் பட்டியலைக் கீழே நகர்த்தினாள். "எல்லாத்துக்கும் பச்சை கலர் போட்டிருக்கே. தீர்த்தாச்சுன்னு அர்த்தமா? படிக்காம எப்படி சார் தீர்த்தீங்க?"

சங்கரபாண்டி பெருமையாகச் சிரித்தார். "படிக்க முடியலன்னா அங்கன புகாரே இல்லன்னுதான மேடம் அர்த்தம்? எல்லாத்தையும் அன்னன்னைக்கே முடிச்சிருவோம். மாவட்டத்துலயே நாமதான் முதலிடம்!"

மிஸ்ரியாவின் முகம் இறுகியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மானிட்டரின் நெற்றியிலேயே ஒட்டியிருந்த பாஸ்வேர்டைத் தட்டினாள். இணையத்திலிருந்து எழுத்துருவை இறக்கி நிறுவி, ஆப்பை மூடித் திறந்தாள்.

திரை முழுக்கத் தமிழ். எரியாத தெருவிளக்கு, அள்ளாத குப்பை, அடைத்த சாக்கடை...

"ஆகா! எழுத்து எம்புட்டு அழகா இருக்கு!" என்றார் சங்கரபாண்டி. என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. "கலெக்டர்ட்ட உங்களப் பத்தித்தான் முதல்ல சொல்லப் போறேன் மேடம். உங்க கம்பெனி முதலாளி நம்பரையும் குடுங்க, பாராட்டிப் பேசுதேன்."

"எந்தக் கம்பெனி சார்? நான் இந்த ஊரு, மேலத்தெரு. குழாயில தண்ணி வரலன்னு ஆப்ல எழுதி எழுதிப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல. வேலைக்குப் போற வழியில நேர்லயே சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

சங்கரபாண்டியின் சிரிப்பு சட்டென்று நின்றது.

"பொதுமக்களா? அத முதல்லயே சொல்ல மாட்டியாம்மா? எந்திரி, எந்திரி... வெளிய வரிசையில போய் நில்லு!"