கொத்து விழுந்த கால்

வாதாமரத்தில் காக்கையின் கூடு இருந்தது. ஒருநாள் குஞ்சுகளைத் தின்ன ஒரு பூனை ஏறியது. பாதி மரம் ஏறுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பூனை இறங்கி ஓடிவிட்டது. நடந்தது அவ்வளவுதான். எதிர்க்கிளையில் நனைந்துகொண்டிருந்த அணில் எல்லாவற்றையும் பார்த்தது.

மறுநாள் காக்கை மைனாக்களிடம், "நான் போட்ட சத்தத்துல பூனை ஒரே ஓட்டமா ஓடிருச்சு" என்றது.

"மழை வந்துதானேக்கா ஓடுச்சு?" என்றது அணில்.

"மழையும் வந்துச்சு" என்று காக்கை ஒத்துக்கொண்டது.

அடுத்த வாரம் கதையில் ஒரு கொத்து சேர்ந்தது. அதற்கடுத்த வாரம் அந்தக் கொத்து பூனையின் இடது பின்னங்காலில் விழுந்தது. மழை எங்கோ நின்றுபோனது. காக்கை பொய் சொல்லவில்லை. சொல்லும்போதெல்லாம் பூனை மயிர் அலகில் ஒட்டுவதுபோலவே அதற்கு இருந்தது. மைனாக்கள் கதையை ஊரெல்லாம் கொண்டுபோயின.

கேட்டுக் கேட்டு அணிலுக்கும் பூனை நொண்டிக்கொண்டு ஓடியது கண்முன்னே நின்றது. அன்றைக்குத் தன் வால் ஏன் நனைந்தது என்பதுதான் பிடிபடவில்லை.

ஒரு மத்தியானம் அதே பூனை மரத்தடியில் வந்து நின்றது. காக்கை இரை தேடப் போயிருந்தது. கூட்டில் குஞ்சுகள் கத்தின. அணிலுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"ஏறப் போறியாண்ணே?"

பூனை அண்ணாந்து கூட்டைப் பார்த்தது. பிறகு உட்கார்ந்து இடது பின்னங்காலை மெல்ல நக்கிக்கொண்டது.

"பட்டது போதும்ப்பா. மழை வந்தா இந்தக் கால் இன்னும் வலிக்குது."