கிழிந்த காது

சிற்பி எஸ்தரின் நாய் செவலைக்கு ஒரு காது பாதி கிழிந்திருக்கும். செவலையைப் பார்த்து அவள் வெண்கலத்தில் ஒரு நாய் வார்த்தாள். அதற்கும் காது கிழிந்திருப்பதைக் கண்டதும் செவலையின் முகம் வாடிவிட்டது.

"ஊரே பார்க்கப்போகிற சிலையில் இந்தக் குறையையும் வைக்கவேண்டுமா?" என்று வெண்கல நாயிடம் முறையிட்டது.

"வெண்கலம் ஊற்றுவதற்கு முன், நான் மெழுகு உருவமாக இருந்தபோது எனக்கு இரண்டு காதும் முழுசாகத்தான் இருந்தன" என்றது வெண்கல நாய். "அவள் தள்ளி நின்று பார்த்தாள். 'அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இது யார் வீட்டு நாயோ' என்று சொல்லிக் ஒரு காதில் பாதியைக் கிள்ளி எடுத்துவிட்டாள். அப்புறம்தான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது."

தரையில் உட்கார்ந்து அடுத்த சிலைக்கு மெழுகு உருட்டிக்கொண்டிருந்த எஸ்தரிடம் செவலை போய், அவள் மடியோரம் சாய்ந்துகொண்டது. கை முழுக்க மெழுகாக இருந்ததால், அவள் முழங்கையாலேயே அதன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.