முதுகில் போட்ட இன்டு மார்க்

"என் மார்க்கை எவன் அழிச்சான்?"

மேரிக்ரிஸ் போட்ட சத்தத்துல வார்டே திரும்பிப் பார்த்துச்சு.

பிலிப்பைன்ஸ்ல, இலோயிலோ மீன் மார்க்கெட்ல கடை போட்டிருக்கிற பெலீங் அம்மாவுக்கு, ஊர்ப் பேச்சுல நானாய் பெலீங்குக்கு, நுரையீரலைச் சுத்தி நீர் கோத்திருந்துச்சு. மூச்சு வாங்க, தலையணையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. நீர் எந்தப் பக்கம், அதை உறிஞ்சி எடுக்கிற ஊசி எங்க இறங்கணும்னு முதுகுல பேனாவால இன்டு மார்க் போடுறது மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் வேலை. சரியாப் போடுறவங்க கையிலதான் ஊசின்னு டாக்டர் ஹரானில்லா சொல்லியிருந்தாரு.

காலையில முதல் ஆளா வந்து போட்டுட்டுப் போனவ மேரிக்ரிஸ். இப்ப பார்த்தா வெறும் முதுகு.

"நான்தான் அழிச்சேன்," கூடப் படிக்கிற ஜோவித் சொன்னான். அவன் விரல் நுனியில நீல மை.

"பார்த்தீங்களா டாக்? முதல் வருஷத்துலேர்ந்து எனக்குப் போட்டி இவன். ஊசி எனக்குக் கிடைச்சிரக் கூடாது. வயித்தெரிச்சல்."

"ஏன் தோத்தோ அழிச்ச?" டாக்டர் கேட்டாரு. அந்த ஊர்ல பையனைத் தோத்தோன்னும் பொண்ணை இந்தாய்னும்தான் பாசமாக் கூப்பிடுவாங்க.

ஜோவித் விரல்ல இருந்த மையைத் தேய்ச்சுக்கிட்டே நின்னான்.

"எப்படிப் பேசுவான்? திருட்டு முழி முழிக்கிறதைப் பாருங்க."

"போய் வெளியே நில்லு," டாக்டர் அவன்கிட்ட சொன்னாரு.

அவன் போய்க் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னான்.

"நீ மறுபடி போடு இந்தாய். என் எதிர்லயே, ரெண்டு பக்கமும் தட்டிப் பார்த்து."

தட்டிப் பார்த்து. அப்பதான் அவளுக்குச் சுருக்குன்னுச்சு. காலையில அவ தட்டவே இல்ல. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா, நீர் இருக்கிற இடம் வலது பக்கம் வெள்ளையாத் தெரிஞ்சுது, மார்க் போட்டுட்டுப் போயிட்டா.

முதுகுல விரலை வச்சுத் தட்டினா. வலது பக்கம் காலி டப்பா மாதிரி டொம் டொம்னு நல்லாக் கேட்டுச்சு.

இடது பக்கம் கருங்கல்லைத் தட்டின மாதிரி. செத்த சத்தம். நீர் அங்கதான்.

படத்தைத் திருப்பிப் பிடிச்சிருக்கா. நல்லா இருக்கிற நுரையீரல்ல ஊசியை இறக்கியிருப்பா.

பேனாவைக் கீழ வச்சா.

"டாக், நான் போட்டதுதான் தப்பு. பக்கமே மாத்திப் போட்டிருக்கேன். அவனை உள்ள கூப்பிடுங்க."

ஜோவித் உள்ள வந்தான்.

"வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடா? இவ்வளவு பேச்சு பேசிட்டேனே." "தேங்க்ஸ்டா."

நானாய் பெலீங் மூச்சு வாங்க வாங்கச் சிரிச்சாங்க.

"இவன் தட்டிப் பார்த்துட்டு அழிச்சப்பவே நானும் கேட்டேன் இந்தாய். 'அழிக்கிறதுக்குப் பதிலா அவகிட்டயே சொல்லலாமே'ன்னு. 'சொன்னா சண்டைக்கு வருவா நானாய். மறுபடி தட்டினா அவளே கண்டுபிடிச்சிருவா, ஊசியும் அவளுக்கே கிடைக்கும்'னான்."