பதினேழாம் பதிப்பு

விபத்தில் பத்து வருட ஞாபகம் போனபின் அமலன் அன்றுதான் மடிக்கணினியைத் திறந்தான். மறுபடி நிரல் எழுத ஜாவா என்ற கணினி மொழியின் கிட் வேண்டும். பதிவிறக்கப் பக்கத்தில் இருபத்தைந்து, இருபத்தொன்று, பதினேழு, கடைசியில் எட்டு என்று பதிப்புகள் நின்றன. அவனுக்குத் தெரிந்த புதுசு எட்டுதான்.

"நடுவுல இத்தனை எப்ப வந்துச்சு?"

"கடைசியா பதினேழுலதான் வேலை பார்த்தீங்க" என்றாள் மனைவி ரெஜினா. "வீட்டுக்கு வந்தும் அதைத் திட்டிக்கிட்டே இருப்பீங்க."

"எட்டு வந்தப்ப உங்கள எனக்குத் தெரியுமா?"

மருத்துவமனையிலிருந்து வந்தது முதல் அவளை 'நீங்க' என்றுதான் கூப்பிடுகிறான்.

"தெரியாது."

அவன் சுட்டி எட்டின் மேல் வெகுநேரம் நின்றது. எது சரியென்று விளங்கவில்லை. கடைசியில் பதினேழை அழுத்தினான்.

"இறங்க நேரமாகும் போல. உக்காருங்க" என்று பக்கத்து நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டான்.