ராஜா உட்கார்ந்த நாற்காலி

இங்கிலாந்தில் ஒரு பழைய நகரத்துக் கோட்டையில், சிவப்புக் கயிற்றுக்குள் ஒரு மர நாற்காலி கொலுவிருந்தது. கூட்டம் கூட்டமாக வந்து படம் பிடிப்பவர்களைப் பார்த்து அதற்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"என்மேல ராஜாவே உட்கார்ந்திருக்கார். உன்மேல?" என்று பக்கத்திலிருந்த காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியைத் தினமும் சீண்டும்.

ஒருநாள் கோட்டைப் படியெல்லாம் ஏறி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள் மதுரைக்கார அம்மாள் ஒருத்தி. காவலாளி எழுந்து இடம் கொடுத்தார். "அப்பாடா! மகராசனா இருப்பா" என்று சாய்ந்தாள் அவள்.

அவள் போனதும் பிளாஸ்டிக் நாற்காலி கேட்டது: "ராஜா உட்கார்ந்தப்போ என்னண்ணே சொன்னார்?"

மர நாற்காலிக்கு நன்றாகவே நினைவிருந்தது. உட்கார்ந்த வேகத்தில் எழுந்த ராஜா, "வேற நாற்காலி இல்லையா?" என்றுதான் கேட்டார்.

"அதெல்லாம் ராஜாங்க ரகசியம்" என்று சொல்லி, முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டது.